பதினோரு பொன்னாடைகள்

ஜூன் 4, 2025, புதன்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, வெயில் எங்கள் ஊர் வெயிலைவிடக் குறைவாகவும் வியர்வை அதைவிட இரண்டு மடங்காகவும் இருந்தது. நாங்கள் பதினோரு பேர்: பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேகரம் (சில ஆலயங்கள் சேர்ந்த சபை வட்டாரம்) ஒன்றின் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒன்பது கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற தபால்காரரான அண்ணாச்சி ஒருவர், பள்ளி ஆசிரியையான நான். சிங்கப்பூரில் உள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) தமிழ்ச் சபை ஒன்றின் இளைஞர்கள் எங்களை ஆறு நாட்களுக்கு அழைத்திருந்தார்கள். கம்போடியாவிலிருந்து ஆறு பேரும் நேபாளத்திலிருந்து நான்கு பேரும் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தச் சேர்க்கை விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சிங்கப்பூர் திருமண்டலத்தின், அதாவது அங்குள்ள பேராயரின் பொறுப்புப் பகுதியின், எல்லை அந்தத் தீவோடு முடிவதில்லை. இந்தோனேசியா, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம், நேபாளம் ஆகிய நாடுகளில் உள்ள ஆங்கிலிக்கன் சபைகளும் அதன் பொறுப்பில் அடங்கியவை.

எங்களுக்கு அங்கே என்ன உறவு என்று சபைக்கு வெளியே உள்ளவர்கள் கேட்பார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் ஒன்றாக இணைந்து எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அப்படி இணைந்த பிறகும் அது உலக ஆங்கிலிக்கன் குடும்பத்தில் ஓர் உறுப்பாகவே இருக்கிறது. ஆகவே முறைப்படி நாங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா?

போகவில்லை. ஆறு கிலோ தூத்துக்குடி மக்ரூன், நான்கு கிலோ கருப்பட்டி, பதினோரு பொன்னாடைகள், பாளையங்கோட்டைப் பேராலயத்தின் ஊசிக் கோபுரத்துக்கு மரத்தாலான மாதிரி ஒன்று. கோபுரத்தின் ஊசி மட்டும் விமானத்தின் சரக்கு அறையில் ஒடிந்து, மக்ரூன் பொட்டலத்துக்குள் குத்தி நின்றது. என் கைப்பையில் சேகரக் கமிட்டியின் கடிதம் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாலையில் சபைக் கூடத்தில் வரவேற்பு விழா இருக்கும் என்று நம்பி, அண்ணாச்சி கழிப்பறையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். விழா எதுவும் இல்லை. நிகழ்ச்சிகளைப் பொறுப்பெடுத்திருந்த இருபத்து நான்கு வயதுப் பெண் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள், பிறகு, "ஆன்டி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேணும், உங்க பக்கம் மூணு பேர் கொடுக்க முடியுமா?" என்று கேட்டாள். இருபத்து மூன்று வருட ஆசிரியைப் பணியில் விருந்தாளியாகப் போன இடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

இரவு அந்தக் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். குளிர்சாதனத்தை யாராலும் குறைக்க முடியவில்லை; அதன் திறவுகோல் இருந்த அலமாரிக்கே வேறு திறவுகோல் வேண்டியிருந்தது. நள்ளிரவில் விழித்துப் பார்த்தபோது, எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரும் சரிகைப் பொன்னாடைகளைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, வரிசையாக மேடையில் அமர்த்தப்பட்ட பிரமுகர்களைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பத்தாவதை அண்ணாச்சி எடுத்திருந்தார். மிச்சமிருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காலை உணவு. இங்குள்ள தமிழர் டாலரை வெள்ளி என்றே சொல்கிறார்கள். ஒரு மசால் தோசையும் ஒரு தே தாரேயும் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) சேர்ந்து ஐந்தரை வெள்ளி. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு விலையையும் அறுபத்தாறால் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மூன்றாம் நாள் வரை இந்தக் கணக்கு நிற்கவில்லை. தேநீரின் நுரையைப் பார்த்து, இதற்கா நூறு ரூபாய் என்று ஒருவன் கேட்டதும், பக்கத்து மேசையில் இருந்த முதியவர் சிரித்துக்கொண்டு, "தம்பி, பெருக்காதீங்க, சாப்பிடுங்க. பெருக்குனா இங்க யாரும் உசிரோட இருக்க முடியாது" என்றார். அவர் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பெருக்காமல் இருப்பவராம்.

அங்கேதான் முதல் தவறு நடந்தது. காலியான மேசை ஒன்றில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிய எங்கள் கடைக்குட்டி அதை எடுத்து, மேசை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தான். அந்தப் பொட்டலம் இந்த ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்குச் சமம். தட்டுகளோடு வந்த சீனத் தம்பதியர் நின்று பார்த்தார்கள். விஷயம் விளங்கியதும் கோபப்படாமல் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள். ஆறு பேர் மேசையில் ஒன்பது பேராகச் சாப்பிட்டோம். எழுந்தபோது அந்தப் பெண்மணி எங்கள் தட்டுகளைச் சுட்டிக் காட்டி, அவற்றை வைக்க வேண்டிய அடுக்கையும் சுட்டினார். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021 முதல் இங்கே சட்டமே ஆகிவிட்டது. அண்ணாச்சி தம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கடையில் எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பிற்பகலில் வேத பாடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு நாட்டு இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே பகுதியைப் படிப்பது எளிதாக நடக்கும் என்று நினைத்திருந்தோம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுமொழி, ஆனால் சிந்தனை ஆங்கிலத்தில் ஓடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தேர்வுத் தாளில் வரும், நாக்கில் வராது. கம்போடியப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் ஆங்கிலம் தெரியும். அவள் சொல்லச் சொல்ல மற்ற ஐவரும் தலையசைக்க வேண்டும். ஒரு வசனத்தைப் பற்றி ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லி அது வட்டத்தைச் சுற்றி வருவதற்குப் பதினோரு நிமிடம் ஆனதை நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் முகாம்களில் ஒரு மணி நேரத்தில் மூன்று அதிகாரங்களை முடித்துவிடுவோம்.

ஆனால் அந்தத் தாமதத்தில் ஒன்று நடந்தது. வழக்கமாக எழுந்து பேசும் எங்கள் கெட்டிக்காரப் பையனுக்கு வாக்கியம் அமையவில்லை. வழக்கமாகப் பேசாத பெண்ணொருத்தி, யாரும் அவசரப்படுத்தாததால், நான்கே சொற்களில் அழகாக ஒன்று சொன்னாள். நேபாளத்துப் பையன் ஞாயிறு ஆராதனை பற்றி நாங்கள் பேசியதைக் கேட்டு, எந்த ஞாயிறு என்று வியந்தான். அவர்கள் நாட்டில் வார விடுமுறை சனிக்கிழமை. சபை கூடுவதும் சனிக்கிழமையே. ஞாயிறு என்பது அவனுக்குக் கல்லூரிக்குப் போகும் நாள். ஐம்பது வயதில் எனக்கு இது புதிய செய்தி.

ஜூன் 6, வெள்ளி

நகர மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து மேலேறி வந்தால் புனித அந்திரேயா பேராலயம் வெள்ளை வெளேரென்று எதிரே நிற்கிறது. அழகான கட்டடம் என்பதை யாரும் சொல்வார்கள். எங்களைப் பிடித்து நிறுத்தியது அதன் பூச்சு. 1835இல் இங்கே எழுப்பத் தொடங்கிய முதல் ஆலயம் இடிவிழுந்து பழுதாகி, பின்னர் இடிக்கப்பட்டது. இப்போதுள்ளதற்கு 1856இல் அடிக்கல் நாட்டியவர் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன். 1862 ஜனவரியில் பிரதிஷ்டை செய்தவர் அவருக்குப் பின் வந்த கல்கத்தாப் பேராயர் காட்டன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவரின் பூச்சுக்கு மதராஸ் சுண்ணம் என்றே பெயர்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்து, பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியது. கட்டடத் தொழிலாளியின் மகனான எங்கள் பையன் ஒருவன் தூணில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தான். அவன் தாத்தா வீட்டுத் திண்ணையும் இப்படித்தான் குளிர்ந்திருக்குமாம். "டீச்சர், நம்ம கொத்தனாரு வேலை இது" என்றான். காலில் விலங்கோடு வந்தவர்கள் செய்த வேலை என்பதையும் அவனுக்குச் சொன்னேன். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே கான்டர்பரியிலிருந்து வந்த கல் ஒன்றும், போரில் குண்டு வீசி அழிக்கப்பட்ட கவன்ட்ரி பேராலயத்தின் ஆணிகளால் ஆன சிலுவை ஒன்றும் இருக்கின்றன. வெளிநாட்டுச் சபைகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்ட பொருள்களில், அழிந்த கூரையின் ஆணியை அனுப்பியதுபோல் பொருத்தமானது வேறில்லை என்று எனக்குப் பட்டது. ஒடிந்த ஊசியோடு கூடத்தில் கிடக்கும் எங்கள் மரக் கோபுரத்தை நினைத்துக்கொண்டேன்.

எங்களைச் சுற்றிக் காட்டிய பெரியவர் இன்னொரு கதை சொன்னார். 1942இல் ஜப்பானியர் நகரைப் பிடித்தபோது பேராயர் லெனார்ட் வில்சன் ஓராண்டுக்கு மேல் சிறைக்கு வெளியே இருந்து பணி செய்ய முடிந்தது; அதற்குத் துணை நின்றவர் ஒகாவா என்ற ஜப்பானிய ராணுவ அதிகாரி, அவரும் ஆங்கிலிக்கன் சபைக்காரர். 1943இல் பேராயரைச் சிறை வைத்தபோது, சபையைத் தாங்கிய உள்ளூர்க் குருமாரில் முன்னின்றவர் டி. டி. செல்லையா என்ற தமிழர். அந்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய ராணுவப் போலீசார் பேராயரைக் கொண்டுபோய் வதைத்தார்கள். போர் முடிந்த பிறகு, தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்குத் தம் கையாலேயே திடப்படுத்தல் கொடுத்து, சபையின் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டார். எங்கள் பிள்ளைகள் செல்லையாவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்கள். கம்போடியப் பெண் ஒகாவாவின் பெயரை இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டாள். யாருக்கு எது தைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். நாங்கள் மூன்று நாளாக மோப்பம் பிடித்து வைத்திருந்த பிரியாணிக் கடை மூடியிருந்தது. பதிலுக்குக் காலையிலிருந்து மாலை வரை சமையற்கட்டு. ஞாயிறு மாலையில் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சபை கொடுக்கும் இரவு உணவு நூற்று நாற்பது பேருக்கு. பூண்டு, இஞ்சி, வெங்காயம், கோழி எல்லாவற்றையும் முன்னாளே ஒழுங்கு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் அசனத்தில் (ஆலயப் பொது விருந்தில்) ஆட்டுக்கறி வெட்டிப் பழகிய அண்ணாச்சி அங்கே தளபதியாகிவிட்டார். அவருக்கு ஒரு சொல் ஆங்கிலம் வராது. கம்போடியப் பையன்களுக்கு ஒரு சொல் தமிழ் வராது. கோழியை எலும்போடு எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று அவர் தம் முழங்கையையே வெட்டுவதுபோல் காட்டுவார். அவர்கள் அப்படியே வெட்டுவார்கள். வியாழக்கிழமை வேத பாடத்தில் பதினோரு நிமிடம் எடுத்தது இங்கே பதினோரு நொடியில் நடந்தது. வெங்காயம் உரித்த நேபாளத்துப் பெண்ணுக்குக் கண் எரிந்ததும் எங்கள் பெண்ணொருத்தி தன் பொன்னாடையை எடுத்து அவள் முகத்தில் கட்டிவிட்டாள். சரிகை வைத்த முகமூடி.

மாலையில் ஆலோசனைக் கூட்டம். இனி நாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது பொருள். நான் எழுந்து, இரு சபைகளுக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் எழுதிப் பேராயர்களைக் கொண்டு கையெழுத்திடலாம் என்று அழகாகப் பேசினேன். பொறுப்பிலிருந்த பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தயங்காமல் சொன்னாள்: "ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு முன்னாடி வேற ஊர்லேருந்து ஒரு குழு வந்துச்சு. கையெழுத்துப் போட்டோம், படம் எடுத்தோம். அப்புறம் ஒரு மெசேஜ்கூட வரலை. கட்டடத்துக்குப் பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்துச்சு. நீங்களும் பணம் எதிர்பார்க்கிறீங்களா?"

கூடம் அமைதியானது. என் கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் இருந்த கடிதம், எங்கள் சேகரத்தில் கட்டவிருக்கும் வாலிபர் கூடத்துக்கு "தாராளமான உதவியை" வேண்டி, லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு எழுதப்பட்டது.

இப்படிப்பட்ட மேடைப் பேச்சுகளில்தான் நான் பல ஆண்டுகளாக வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இளைஞர்களிடையே பணியாற்றி, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். 1963இல் டொரோன்டோவில் கூடிய ஆங்கிலிக்கன் பேரவையும், கொடுக்கும் சபை, வாங்கும் சபை என்ற பிரிவினையே கூடாது, ஒருவருக்கொருவர் பொறுப்பும் சார்பும் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. இவ்வளவும் தெரிந்த நான் கடிதத்தைச் சுமந்துகொண்டு வந்திருந்தேன். கமிட்டியைக் குறை சொல்லவில்லை. மழையில் ஒழுகும் கொட்டகையில்தான் எங்கள் பிள்ளைகள் கூடுகிறார்கள், அது உண்மை. ஆனால் கேள்வி அதுவல்ல.

"ஆமாம், ஒரு கடிதம் இருக்கிறது" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இப்போது கொடுக்கப் போவதில்லை" என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரித்தாள், கேலியாக அல்ல. சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடமும் ஒரு குறை இருந்தது, அதை அப்போது கம்போடியப் பெண் மெதுவாகச் சொன்னாள்: உதவி செய்ய வரும் குழுக்கள் ஒரு வாரத்தில் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போகின்றன, வண்ணம் பூச எங்களுக்கும் தெரியும். இப்போது சிரிக்காமல் இருந்தது அவர்கள் பக்கம்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே திருநாள், இயேசுவின் சீடர்கள் மேல் தூய ஆவி இறங்கியதை நினைக்கும் நாள். புனித அந்திரேயா சபை சீனர், தமிழர் நடுவே தன் மிஷன் பணியைத் தொடங்கியது 1856இன் பெந்தெகொஸ்தே ஞாயிற்றில் என்பதைக் காலை ஆராதனையில் குருவானவர் நினைவூட்டினார். அன்று சீடர்கள் பல மொழிகளில் பேசியதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழ், ஆங்கிலம், கெமர், நேபாளி ஆகியவற்றில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒலிபெருக்கி ஒன்றுதான் வேலை செய்தது. அதனால் நேபாளி மட்டும் ஆலயம் முழுவதும் கேட்டது. யாருக்கும் குறையில்லை.

மாலையில் லிட்டில் இந்தியாவின் நடைபாதைகளில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. வாரத்தின் ஒரே விடுமுறையில் கட்டுமானத் தளங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் வந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், முடி வெட்டவும், ஒருவரையொருவர் பார்க்கவும் கூடுகிறார்கள். சபைக் கூடத்துக்கு வந்தவர்களில் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சேர்ந்த ஒருவர், ஒன்பது ஆண்டுகளாகப் பட்டறையில் வெல்டராக இருப்பவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல குளத்துல தண்ணி கெடக்கா டீச்சர்?" என்பதுதான். அவருடைய விரல் நகங்களின் ஓரங்களில் தீப்பொறி சுட்ட புள்ளிகள் கரும்புள்ளிகளாக இருந்தன. பிள்ளைகள் பாமாலையை வேகமாகப் பாடியபோது கையை உயர்த்தி நிறுத்தி, ஊரில் பாடுவதுபோல் நிதானமாகத் தொடங்கித் தந்தார். கூடத்தில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சாப்பிட்ட பிறகு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அண்டா கழுவக் குழாயடியில் குந்திவிட்டார். அவருக்கு ஒரு பக்கம் சிங்கப்பூர்ப் பெண், மறுபக்கம் நேபாளத்துப் பையன். மூவரும் என்ன மொழியில் பேசினார்கள் என்று தெரியவில்லை; நான் போய்ப் பார்ப்பதற்குள் அண்டா பளபளத்தது.

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அரை மணி நேரம் அறைந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெளுத்துவிட்டன. நனைந்த பைகளோடு புறப்பட்டோம். ஒப்பந்தம் எழுதப்படவில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, எல்லோரும் திரையில் கூடி ஒரு மணி நேரம் பேசுவது என்று மட்டும் முடிவு: சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணி, கம்போடியாவில் எட்டு, நேபாளத்தில் ஆறே முக்கால், எங்களுக்கு ஆறரை. நேபாளத்தின் அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்து யாரோ ஒருவர் ஒவ்வொரு மாதமும் தாமதமாக வரப்போகிறார்கள்.

பொன்னாடைகளில் ஏழு திரும்பி வரவில்லை. வெங்காயம் உரித்தவள் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே காத்மாண்டு விமானத்தில் ஏறினாள். ஊசி ஒடிந்த கோபுரத்தை அந்தச் சபைப் பிள்ளைகள் பசை வைத்து ஒட்டி, சமையற்கட்டு அலமாரியின் மேல் வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார்கள். சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது.

ஊருக்கு வந்த அன்றே கமிட்டிச் செயலாளர் கேட்டார்: "கடிதத்தக் குடுத்தீங்களா டீச்சர்? என்ன சொன்னாங்க?" பையிலேயே இருக்கிறது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. வரும் சனிக்கிழமை ஆறரை மணிக்கு வந்து திரை முன்னால் உட்காருங்கள், நீங்களே அவர்களோடு பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மழை இல்லாவிட்டால் கொட்டகையில் கூடுவோம்.